கணிதம் பாஸானால் 50,000 ரூபா: கடையில் நிற்கும் பையன்களுக்கு இது சரிவருமா?

கணக்கு மேசை (கொழும்பு 12) கேட்டது:

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடையில் நிற்கும் பையன்கள் அத்தனை பேரும் மலையகத்துப் பிள்ளைகள். ஹட்டன், பொகவந்தலாவை, பதுளைப் பக்கம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய கையோடு வந்தவர்கள். பெறுபேற்றுத் தாளை வாங்கிப் பார்த்தால் தமிழ், சமயம், வரலாறு எல்லாம் சித்தி, கணிதத்துக்கு நேரே மட்டும் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. கணிதம் இல்லாவிட்டால் ஏ.எல். (உயர்தர) வகுப்புக் கதவு சுலபத்தில் திறக்காது. ஊரில் சும்மா இருக்கவும் வழியில்லை. மாமாவோ அண்ணனோ யாராவது ஒருவர் ஏற்கெனவே புறக்கோட்டையில் நிற்பார், அவரை நம்பி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

எங்கள் முதலாளி மனசுள்ளவர். அவருடைய அப்பாவும் ஒரு கடையில் மூட்டை தூக்கித்தான் மேலே வந்தவர். போன வருடம் தைப்பொங்கலன்று சாமிப் படத்துக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "கணிதத்தைத் திரும்ப எழுதி யார் பாஸாகிறானோ அவனுக்கு 50,000 ரூபா" என்றார். அடுத்த நாளே பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கடந்தகால வினாத்தாள் புத்தகம் வாங்கிவிட்டார்கள். மேல்மாடியில், அவர்கள் படுக்கிற இடத்தில், கொஞ்சக் காலம் இரவில் விளக்கு எரிந்தது. பிறகு அந்தப் புத்தகம் பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் கிடந்தது. விண்ணப்பம் போட்டவர்கள் சிலர், பரீட்சை மண்டபம் வரை போனவர்கள் அதைவிடக் குறைவு. பாஸானவன் ஒரே ஒருவன். அவன் பாடசாலையிலேயே கெட்டிக்காரன், முதல் தடவை பரீட்சை நேரத்தில் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன். 50,000 இல்லாவிட்டாலும் அவன் பாஸாகியிருப்பான்.

மற்றவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அக்கா, அவ்வளவு காசு வைத்தும் முடியவில்லையே, எங்களுக்கு மூளை இல்லை." இதைக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. போன கிழமை ஒரு மேசன் வந்து, கூரை 24 அடி நீளம், சரிவு 18 அடி, 8 அடித் தகரம் எத்தனை வேண்டும் என்று கேட்டார். கடையில் நின்ற பையன் பேனாவைக்கூடத் தொடவில்லை. "8 அடி எடுத்தால் மூன்று வரிசை போட வேண்டும், பாதித் தகரம் வீணாகும் ஐயா. 10 அடி எடுங்க. இரண்டு வரிசை போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது போக ஒரு தகரம் இரண்டரை அடி மூடும், வரிசைக்கு பத்து. 20 தகரம்" என்றான். மேசன் சரி பார்த்துவிட்டு 20 தகரத்துக்கே பில் போடச் சொன்னார். இந்தப் பையனுக்குக் கணிதத்தில் டபிள்யூ.

முதலாளி இந்த வருடம் ஒரு லட்சமாக்கலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் அந்தக் காசைச் செலவழிக்கத் தயார். எப்படிச் செலவழித்தால் இந்தப் பிள்ளைகள் உண்மையில் படிப்பார்கள்? ஆசிரியர்கள், கடை நடத்துகிறவர்கள், இப்படி வேலை செய்துகொண்டே படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மெயின் வீதித் துணிக்கடை எழுதியது:

தங்கச்சி, உங்கள் முதலாளியின் மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு. நானும் கடை வைத்திருப்பவன் என்றபடியால் ஒரு விஷயத்தைத் திறந்து சொல்கிறேன். நாங்கள் முதலாளிமார் படிக்க வைக்கத் தயங்குவது காசுக்காக மட்டும் இல்லை. ஒரு பையனுக்குத் துணியின் தரம், அளவு, கஸ்டமரோடு சிங்களத்தில் கதைப்பது எல்லாம் பிடிபட இரண்டு வருடம் எடுக்கும். படித்துச் சான்றிதழ் எடுத்த அடுத்த மாதம் அவன் வேறு இடம் போய்விட்டால்? அந்தப் பயம் உண்மையான பயம். அதனால்தான் பலர் "படி, படி" என்று வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் செய்யத் தயார்.

ஒரு லட்சம் என்றால் முயற்சி கூடும் என்றுதான் நான் நினைக்கிறேன். பெரிய தொகைக்குப் பெரிய ஆசை வரும்.


சோக்குத் தூள் எழுதியது:

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஓய்வுபெறும்வரை கணிதம் படிப்பித்தவள் நான். இப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே சின்ன வகுப்பு எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் வைத்தாலும் இதே கதைதான் நடக்கும். துணிக்கடைத் தம்பி கோபிக்கக்கூடாது. பரிசு கிடைப்பது பெறுபேறு வரும் நாளில். படிக்கவேண்டியது இன்று இரவு, லொறி இறக்கிவிட்டுக் கையெல்லாம் சீமெந்துத் தூளோடு மாடி ஏறிய பிறகு. அந்த இரவிலும் அவனுக்கு ஆசை இருக்கிறது. ஆனால் நேரமும் இல்லை, உடம்பில் பலமும் இல்லை, எங்கே தொடங்குவது என்று காட்ட ஆளும் இல்லை. கடந்தகால வினாத்தாளைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தெரியாத கணக்கு நிற்கும். யாரைக் கேட்பான்? நாலு நாள் பார்ப்பான், மூடி வைப்பான். அதன்பிறகு ஒரு லட்சம் என்றாலும் ஒரு கோடி என்றாலும் அந்தப் புத்தகம் திறக்காது.

இவர்கள் ஓ.எல்.இல் தோற்கவில்லை என்பதையும் உங்கள் முதலாளிக்குச் சொல்லுங்கள். ஆறாம், ஏழாம் தரத்தில் பின்னமும் சய எண்ணும் (மைனஸ் எண்) விளங்காமல் விட்ட இடத்தில்தான் தோற்றார்கள். தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத குறை எத்தனையோ காலமாக இருக்கிறது. ஏன் இல்லை? பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் கஷ்டப் பிரதேசத்தில் கட்டாயச் சேவைக் காலத்தை முடித்தவுடன் இடமாற்றம் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ஞாயிறு வகுப்பில் வருவதோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கணித ஆசிரியருக்கு டியூஷன் சந்தையில் விலை கூட. அந்தச் சந்தை இருப்பது நகரத்தில். ஆக, கணித ஆசிரியர் இருப்பதும் நகரத்தில்.

1945இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த அந்த மாற்றத்தால்தான் நானே ஆசிரியை ஆனேன், அதை ஒருநாளும் மறக்கமாட்டேன். 1980இலிருந்து பாடப்புத்தகமும் இலவசம். ஆனால் பாடசாலை முடிந்து இரண்டு மணிக்குப் பிறகு நடக்கும் படிப்பு எதுவும் இலவசம் இல்லை. அங்கேதான் இப்போது பாதிப் படிப்பு நடக்கிறது.

ஆசிரியர் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பைப் பகிஷ்கரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். 24 வருடமாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காகத்தான் அந்தப் போராட்டம். கோபப்பட்ட பெற்றோர் நிறையப் பேர். ஆனால் சம்பளம் போதாத ஆசிரியர் பின்னேரம் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. டியூஷன்தான் எடுப்பார். அதிலிருந்து இன்னொரு கேடு பிறக்கிறது: காலையில் வகுப்பில் பாதி, பின்னேரம் காசுக்கு மீதி. எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் அப்படியும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தன் வகுப்புப் பிள்ளைக்கே காசு வாங்கி டியூஷன் எடுக்கக்கூடாது என்று மேல் மாகாணத்தில் சுற்றறிக்கையும் வந்தது. நல்லது. ஆனால் சம்பளம் அதே சம்பளமாக இருந்தால் சுற்றறிக்கை எவ்வளவு தூரம் போகும்?

சரி, உங்கள் பையன்களுக்கு வருகிறேன். தயவுசெய்து அவர்களைப் பெரிய மண்டப வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அங்கே தலைக்கு இவ்வளவு என்று காசு. வகுப்பு நிரம்புவது பெனரால். பெனரில் போடுவது ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம். 74 எடுப்பவனை 75க்குத் தூக்கினால் ஆசிரியருக்கு ஒரு ஏ, ஒரு படம், அடுத்த வருடம் இன்னும் பத்துப் பிள்ளை. 20 எடுப்பவனை 35க்கு, சாதாரண சித்தியான எஸ்ஸுக்கு, கொண்டுவந்தால் அவன் வாழ்க்கையே மாறும், ஆசிரியருக்கு ஒன்றும் வராது. எஸ் எடுத்த பிள்ளையின் படத்தை எந்தச் சந்தியிலாவது பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆசிரியர் கெட்டவர் என்பதில்லை. காசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சோக்கும் போகும்.

இது புதுக் கதையும் இல்லை. 1862இல் இங்கிலாந்தில் பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் என்று ஒரு முறை வந்தது. பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், அதை வைத்துப் பாடசாலைக்கு உதவிப்பணம். இலங்கையிலும் அந்த நூற்றாண்டிலேயே மிஷன் பாடசாலைகளுக்கு இதே முறையைக் கொண்டுவந்தார்கள். சோதிக்கிற பாடம் மட்டுமே பாடம் என்றானது, பிள்ளைகள் விளங்காமலே மனப்பாடம் செய்தார்கள். 1890களில் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது.

ஆகவே அந்த 50,000 ரூபாவைப் பரிசாக வைக்காமல் நேரமாக மாற்றிக் கொடுங்கள். கிழமையில் இவ்வளவு மணித்தியாலம், சம்பளம் வெட்டாமல், படிப்புக்கு மட்டும். படிப்பிக்கிறவருக்கும் தலைக்கணக்கில் கொடுக்காமல் மணித்தியாலக் கணக்கில் கொடுங்கள். அப்போது அவருக்கு நாற்பது பிள்ளை சேர்க்கவேண்டிய தேவை இல்லை, கடைசிப் பையனுக்குப் பக்கத்தில் உட்காரலாம்.


பொகவந்தலாவை வயர்மேன் எழுதியது:

கணக்கு மேசை அக்கா, நீங்கள் எழுதியிருப்பது என் கதை. நானும் 17 வயதில் கொழும்புக்கு வந்தேன், புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு. எனக்கும் கணிதத்தில் டபிள்யூதான்.

டீச்சர் சொன்ன நேரத்தோடு நான் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். இரவு லொறி வந்தால் இறக்குவதற்குத் தனிக் காசு தருவார்கள். என் காலத்தில் ஒரு லொறிக்கு ஆளுக்கு 500 ரூபா. நான் படிக்க உட்காருகிற ஒவ்வொரு இரவும் எனக்கு 500 ரூபா நட்டம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலம் அது. 2021இல்தான் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வந்தது, அதுவும் சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுசாக. தங்கச்சி ஸ்கூல் போகிறாள், அப்பாவுக்கு அடகுக் கடன். மாதம் பிறந்தால் நான் அனுப்பும் காசைத்தான் வீடு பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி இருக்கும்போது அடுத்த வருடம் வரப்போகும் 50,000 என் கண்ணுக்கே தெரியாது. இன்று இரவு 500தான் தெரியும். உங்கள் கடைப் பையன்கள் புத்தகத்தை மூடி வைத்தார்கள் என்றால் ஆசை விட்டுப்போய் இல்லை அக்கா, லொறி வந்திருக்கும்.

நான் வேலை செய்த கடையின் முதலாளியம்மா ஒன்று செய்தார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் என்னை விட்டுவிடுவார், அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டமாட்டார். சனி இரவு லொறி வந்தாலும் எனக்குரிய காசை எடுத்து வைத்துவிடுவார். சொல்லப்போனால் அரை நாள் லீவு சட்டப்படியே எங்களுக்கு உரியது. 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு, வேலை 45 மணித்தியாலம் என்று இருக்கிறது. புறக்கோட்டையில் அந்த அரை நாளைப் பல பையன்கள் கண்டதே இல்லை. அந்தச் சனிக்கிழமைகளில்தான் நான் வயரிங் படித்தேன்.

கணிதம் மட்டும்தான் வழி என்று நினைக்கவேண்டாம். ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தரும் முறை ஒன்று இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் செய்கிறார்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். சோதிக்கிறவர் முன்னால் ஒரு பலகையில் வயரிங் செய்து காட்டினேன். எர்த் வயர் ஏன், டிரிப் சுவிட்ச் எதற்கு, இந்தச் சர்க்கிட்டுக்கு எந்தத் தடிப்பு வயர் என்று துருவித் துருவிக் கேட்டார். ஓ.எல். கணிதம் கேட்கவில்லை. ஆனால் எத்தனை வருடம் என்ன வேலை செய்தோம் என்று காட்ட அனுபவக் கடிதம் வேண்டும். பல முதலாளிமார் அந்தக் கடிதத்தைத் தரமாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் அத்தனை வருடம் ஏன் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை என்ற கேள்வி வரும் என்று பயம். காசே செலவில்லாத உதவி அது. உங்கள் முதலாளி பரிசு வைக்க முதல், எல்லாப் பையனுக்கும் ஈ.பி.எப். சரியாகப் போகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, அது உங்கள் மேசையில்தானே நடக்கிறது.

துணிக்கடை அண்ணன் கேட்ட பயத்துக்கும் பதில் சொல்கிறேன். சான்றிதழ் எடுத்த பிறகும் நான் அந்தக் கடையை விட்டு உடனே போகவில்லை. சனிக்கிழமையைத் தந்தவரை விட்டுப் போக மனம் வரவில்லை, சம்பளத்தையும் அவரே கூட்டித் தந்தார். கடைசியில் போகும்போது என் சித்தப்பா மகனைக் கூட்டிவந்து, ஆறு மாதம் பக்கத்தில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் போனேன். இப்போது வெள்ளவத்தையில் மாடி வீடுகளுக்கு வயரிங் கொந்தராத்து எடுக்கிறேன். வயர், சுவிட்ச், குழாய் எல்லாம் அதே கடையில்தான் வாங்குகிறேன். அந்தக் கடைக்கு நான் நட்டமா லாபமா என்று முதலாளியம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.


பொருளியல் மாணவன் எழுதியது:

டீச்சரும் வயர்மேன் அண்ணாவும் அனுபவத்தில் சொன்னதை வேறு நாடுகளில் பரிசோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். முதலாளிக்குச் சொல்ல உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளியலாளர் இருநூறுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பார்த்தார். நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்குக் காசு. சிக்காகோவில் பாடங்களில் எடுக்கும் தரத்துக்குக் காசு. டல்லாஸில் மட்டும் பெறுபேற்றைப் பார்க்காமல், ஒரு புத்தகம் வாசித்து முடித்தால் 2 டொலர். 2011இல் முடிவுகளை வெளியிட்டார். மொத்தமாகப் பார்த்தால் கல்வித் தேர்ச்சி கூடியதாகக் காட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்குக் காசில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் புள்ளியைக் கூட்ட என்ன செய்வாய் என்று கேட்டால், கேள்வியைக் கவனமாக வாசிப்பேன் என்கிற மாதிரியான பதில்கள்தான் வந்தன. ஆசிரியரிடம் போய்க் கேட்பேன், விளங்காத பாடத்தைத் திரும்பப் படிப்பேன் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பரிசு எங்கே இருக்கிறது என்று தெரியும், அங்கே போகும் பாதை தெரியாது. உங்கள் கடையின் மேல்மாடியிலும் இதுதான் நடந்திருக்கிறது.

ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதே கூடாது என்றும் இல்லை. ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களில், 2005இல் தொடங்கி, அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பார்த்து போனஸ் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் மற்றப் பாடசாலைகளைவிட முன்னே போனார்கள், போனஸ் வைக்காத பாடங்களிலும்கூட. அங்கே பார்த்தது யார் முதல் இடம் என்பதை இல்லை, பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்து சராசரியாக எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதை. கென்யாவில் செய்த இன்னொரு பரிசோதனையில் ஆசிரியர்கள் பரீட்சைக்கு முன்னால் மேலதிக வகுப்பு வைத்தார்கள், அந்தப் பரீட்சையில் புள்ளி ஏறியது, ஆனால் அது நிலைக்கவில்லை. ஆகவே படிப்பிக்கிறவருக்கு ஏதாவது மேலதிகமாகக் கொடுக்க முதலாளி விரும்பினால், எல்லாப் பையன்களும் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றவனும் அந்தக் கணக்கில் வர வேண்டும், அப்போதுதான் அவனைத் தேடிப் போய்க் கூட்டிவருவார்கள்.


கணக்கு மேசை எழுதியது:

எல்லோருக்கும் கோடி நன்றி. வயர்மேன் தம்பி, லொறிக் காசு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுப் போன வருடப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் கடையில் சீமெந்தும் தகரமும் வந்து குவிகிற காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் லொறி இறக்கியதற்குக் கையெழுத்து இருக்கிறது. மாடியில் விளக்கு அணைந்ததும் அந்தக் காலத்தில்தான்.

நான் கணக்குப் பார்க்கிறவள் என்றபடியால் இதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு பையனின் நாள் சம்பளம் 2,000 ரூபா, எட்டு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 250. முதலாளி பரிசாக வைத்த 50,000 என்பது 200 மணித்தியாலம். கிழமைக்கு நாலு மணித்தியாலம் என்றால் 50 கிழமை, கிட்டத்தட்ட ஒரு முழு வருடம். பரிசுக்கு ஒதுக்கிய அதே காசில் ஒரு பையனை வருடம் முழுக்கச் சம்பளத்தோடு படிக்க வைக்கலாம்! ஒருவன் பாஸானாலும் பத்துப் பேர் பாஸானாலும் முதலாளி தலைக்கு 50,000 தரத் தயாராகத்தானே இருந்தார்? அதை முதலிலேயே நேரமாகத் தந்தால் என்ன? சட்டப்படி சேரவேண்டிய அரை நாளைக் கழித்தால் செலவு இன்னும் குறைவு.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சரி என்றார். லொறிக் காசை எடுத்து வைப்பதில்தான் யோசிக்கிறார், மற்றக் கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று. அதையும் விடமாட்டேன். ஈ.பி.எப். விஷயத்தில் இரண்டு புதுப் பையன்களின் பெயர் இன்னும் சேர்க்கப்படவில்லை, இந்த மாதத்திலிருந்து சேர்க்கிறோம்.

டீச்சர், சனிக்கிழமை நாலு மணித்தியாலம் கிடைத்தால் எங்கே தொடங்குவது? வினாத்தாள் புத்தகம் வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்?


சோக்குத் தூள் எழுதியது:

வினாத்தாள் வேண்டும் மகள், ஆனால் முதல் மூன்று மாதம் வேண்டாம். முதல் நாள் ஏழாம் தரக் கணக்கு பத்துக் கொடுங்கள். பின்னம், சய எண், சதவீதம், ஒரு சின்னச் சமன்பாடு. யார் எங்கே நிற்கிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும். புள்ளியைச் சுவரில் ஒட்டாதீர்கள், அவனவனிடம் மட்டும் சொல்லுங்கள்.

பையன்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள். இரண்டு தாளையும் சேர்த்துச் சராசரி 35 வந்தால் சாதாரண சித்தி. முதலாம் தாளில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் நிறையவற்றைக் கடையில் நிற்கும் பையன் ஏற்கெனவே அறிவான். சதவீதம், வட்டி, பரப்பளவு, தண்ணீர்த் தாங்கியின் கனவளவு இதெல்லாம் அவனுடைய வேலை. தகரக் கணக்குப் போட்ட பையனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று, மனதில் ஓடுவதைப் படிப்படியாகத் தாளில் இறக்கும் பழக்கம். விடை மட்டும் எழுதினால் இரண்டாம் தாளில் புள்ளி பறந்துவிடும். நாளைக்கு அடுத்த மேசன் வரும்போது, அந்தப் பையன் வாயால் சொன்னதைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், எங்கே புள்ளி விழும், எங்கே விழாது என்று சிவப்பு மையால் குறித்துத் தருகிறேன்.

பரீட்சை விண்ணப்பத்தையும் பையன்களின் கையில் விடாதீர்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தி தானேதான் விண்ணப்பிக்க வேண்டும், அதைச் செய்து தர அதிபர் இல்லை. அடையாள அட்டை இல்லாதவன் இருந்தால் இப்போதே அலுவலைத் தொடங்குங்கள், பிறப்புச் சான்றிதழ் ஊரிலிருந்து வர நாள் எடுக்கும். அழைப்பு வந்த கிழமையே எல்லோரையும் உங்கள் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே இருப்பில் நிரப்பி அனுப்பிவிடுங்கள்.


மெயின் வீதித் துணிக்கடை எழுதியது:

தங்கச்சி, உங்கள் சனிக்கிழமை வகுப்பில் எங்கள் கடையிலிருந்து நாலு பையன்களுக்கு இடம் இருக்குமா? படிப்பிக்கிறவருக்குரிய காசில் எங்கள் பங்கை மாத முதலிலேயே தந்துவிடுகிறேன். லொறிக் காசு விஷயத்தில் உங்கள் முதலாளி மற்றக் கடைக்காரர்களை யோசிக்கிறார் என்றால், நானும் எடுத்து வைக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.